மரணம் நிகழ்ந்த இடம்

இருபது வருடங்களுக்கு மேலாக நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில், தெற்கே காலி நகருக்குப் போகும் காலி வீதியோரமாகப் போட்டோப்பிரதி எடுக்கும் கடையொன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் எனக்கு ஒரு மேசை. பிறப்பு, விவாக, இறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைக் கொண்டு வருவார்கள். பெரும்பாலும் வெளிநாடு போகிறவர்கள்தான். மூன்று மொழிகளுக்குள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிக் கொடுப்பேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இது மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை குத்துவேன். ஒரு தடவை அந்த வசனம் பொய்யாகிவிட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. திங்கட்கிழமை காலையில் கொதிக்கத் தொடங்கிய பல்லுக்குப் பல் வைத்தியர் தந்த நாள் அடுத்த திங்கட்கிழமை. ஒரு கிழமை சமாளிக்கலாம் என்று நினைத்தேன். பரசிட்டமோல் குளிசை இரண்டு போட்டால் மூன்று மணித்தியாலம் அடங்கும். பிறகு திரும்பவும் இரண்டு. நடுவில் மூக்கடைத்துத் தடிமனும் பிடித்ததால் அதற்கென்று வேறொரு குளிசையும் வாங்கிப் போட்டேன். அதற்குள்ளும் இதே மருந்துதான் இருக்கிறது என்று பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. எழுத்தை வாசித்துச் சீவிக்கிற நான் அதை வாசிக்கவில்லை. சப்ப முடியாததால் சாப்பாடும் இல்லை. வெறும் தேத்தண்ணீரில்தான் நான்கைந்து நாள் ஓடியது. வியாழக்கிழமை குடித்த தேத்தண்ணீரையும் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். வலது விலாவுக்குக் கீழே ஏதோ பாரமாக இருந்தது. வெறும் வயிற்றில் குளிசை போட்ட குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முற்பகல் அந்த அம்மா கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் செபமாலை, ஒரு பிளாஸ்டிக் கோப்புக்குள் சிங்களத்தில் ஓர் இறப்புப் பத்திரம்.

"மிஸ், இதத் தமிழ்ல மாத்தித் தாங்க."

"எந்தக் கந்தோருக்கு அம்மா?"

"கந்தோருக்கு இல்ல. எனக்கு வாசிக்க."

அப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. என் மேசைக்கு வரும் காகிதங்கள் எல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ அதிகாரி வாசிப்பதற்காகத்தான் வரும்.

"சிங்களம் பேசுவேன் மிஸ். எழுத்துத் தெரியாது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு வாசிச்சுச் சொல்றாங்க. என் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு நானே என் கண்ணால பாக்கணும்."

மகனுக்கு இருபத்தாறு வயது. கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை. கடைசிச் சில மாதங்கள் வெள்ளவத்தைப் பக்கத்துத் தொடர்மாடிகளில்தான் வேலை செய்திருக்கிறான். ஒரு நாள் வேலைக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. மூன்று நாள் கழித்து முகத்துவாரத்தில், ஆறு கடலோடு சேரும் இடத்தில், மீன்பிடிக்கிறவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த அம்மா அழாமல் இதைச் சொன்னார். நான் பத்திரத்தை வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னேன். "நாளைக்கு வாங்கோ எண்டு அந்த மனிசியிட்ட நீங்கள் மூண்டு தரம் சொன்னீங்கள் மிஸ்," என்று கடைக்காரர் பிறகு சொன்னார். எனக்கு ஒரு தரம் சொன்னதுதான் ஞாபகம்.

மறுநாள் சனிக்கிழமையைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை கூசுகிறது. அன்று காலை என் தலை அவ்வளவு தெளிவாக இருந்தது. முதல் நாள் கடையிலிருந்து வந்ததும் பொழுதுபடும் வரை தூங்கியிருந்தேன், இரவு ஒரு கண்ணும் மூடவில்லை. ஆனாலும் களைப்பே இல்லை. பல் நோவும் விட்டுப்போயிருந்தது. வீட்டில் முன்னறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் பத்திரத்தை எடுத்தேன். எந்தச் சொல்லையும் நான் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் தானாக வந்து படிவத்தின் கட்டங்களில் அதனதன் கூட்டுக்குள் இருந்தது. மனதுக்குள் ஒரு சந்தோஷம். இத்தனை வருடமும் கஷ்டப்பட்டுச் செய்த வேலை இவ்வளவு லேசானதா என்று நினைத்தது நல்ல ஞாபகம்.

கணவர் அன்று கண்டது வேறு. அவர் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கிறார், அன்று வீட்டில் நின்றார். அலுமாரியில் இருக்கும் பால்மாப் பேணியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேனாம். இன்றைக்குச் சனிக்கிழமையா என்று இரண்டு தரம் கேட்டேனாம். ஓம் என்று சொன்னதற்குச் சிரித்தேனாம். தேத்தண்ணீர்க் கோப்பை கையிலிருந்து துள்ளி விழுந்ததாம். "உமக்குக் கண் மஞ்சளாக் கிடக்கு, டொக்டரிட்டப் போவம்," என்று அவர் சொல்ல, "உங்களுக்கு எப்பவும் ஒரு பயம்," என்று சொல்லிவிட்டு, தாளை வைத்த கடித உறையை எடுத்துக்கொண்டு நானே கடைக்கு நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நடை எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. காலி வீதியை நான் எப்படிக் கடந்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு குளிர்கிறது.

அன்று பின்னேரம், அவர் குசினியில் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது, முன்னறை மேசைக்குப் பக்கத்தில் நான் சரிந்துவிட்டேன்.

வைத்தியசாலையில் நடந்தவற்றை எல்லாம் நான் கேட்டுத்தான் அறிந்தேன். என்னைப் பார்த்த டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். "ரெண்டு கையையும் நீட்டி, பஸ்ஸை மறிக்கிற மாதிரிப் பிடியுங்கோ," என்று சொன்னாராம். நான் பிடித்தேனாம். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து கீழே விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, பறவை செட்டை அடிப்பதுபோல் அடித்ததாம். என் மூச்சில் ஒரு மணம் இருந்ததாம், அழுகத் தொடங்கிய பழம்போல. கணவர் வீட்டுக்கு ஓடிப்போய் வெறுமையான குளிசை அட்டைகளை எல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். டொக்டர் அவற்றை மேசையில் பரப்பி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரே மருந்து ரெண்டு பேரில போயிருக்கு, ஈரல் தாங்கேல்லை," என்றாராம்.

"ஈரல்தான் ரத்தத்தைச் சுத்தமாக்கிறது," என்று பிறகு விளங்கப்படுத்தியிருக்கிறார். "அது இப்பிடித் திடீரெண்டு நிண்டால் அமோனியா தேங்கும். தேங்கினது மூளைக்குப் போகும். மூளையில இருக்கிற கலங்கள் தண்ணியை உறிஞ்சி வீங்கும். மண்டையோட்டுக்குள்ள வீங்கிறதுக்கு இடம் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயம்."

இந்த வசனங்களைக் கணவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார், பாடமாக்கியதுபோல, ஒரு சொல்லும் மாறாமல்.

முழுதாக நினைவு தப்ப முதல் நான் நிறையக் கதைத்தேனாம். தாதி ஒருவரின் கையைத் தட்டிவிட்டேனாம். கணவரை எனக்குத் தெரியவில்லை. பத்திரம் எடுக்க வந்த யாரோ என்று நினைத்து, "தம்பி, அம்மா வந்தால் கடையில வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கோ," என்று மிக மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஒன்றாகச் சீவித்த மனிதரை. "நீர் என்னை ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன்," என்று அவர் ஒரு நாள் சொன்னார். "அந்த மரியாதையைத்தான் தாங்கேலாமல் கிடந்தது."

ஞாயிற்றுக்கிழமை என்னை மயக்கத்தில் வைத்துச் செயற்கை மூச்சுக் கொடுத்தார்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, கழுத்தை நேராக வைத்து, சத்தம் போடாமல், வீணாகத் தொடாமல் வைத்திருந்தார்கள். மணிக்கொரு தரம் கண்ணிமையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். கூடக் கதைத்தாலோ தட்டித் தடவினாலோ மூளைக்குள் அழுத்தம் ஏறலாம் என்று சொன்னதால் கணவர் என் கையைக்கூடப் பிடிக்காமல் பக்கத்தில் இருந்திருக்கிறார். இரண்டு நாளைக்குள் திரும்பாவிட்டால் வேறு ஈரல் வைப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும் என்றார்கள். அந்த நாள்களில் எனக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும். நீளமான ஒரு படிவம். யாரோ ஒருவர் ஒவ்வொரு கூடாக வாசித்துக் கேட்கிறார். எனக்கு விடை தெரியும். ஆனால் எழுதப் போகும்போது கூடு நகர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

புதன்கிழமை இரத்தப் பரிசோதனையில் ஈரல் கொஞ்சம் தேறத் தொடங்கியது தெரிந்தது. வெள்ளிக்கிழமை கண் திறந்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். என் சொந்த ஈரல் தானாகவே வளர்ந்து பழையபடி வந்துவிட்டது. இப்படித் தப்புகிறவர்களும் இருக்கிறார்கள், தப்பாதவர்களும் இருக்கிறார்கள் என்று டொக்டர் சொன்னார்.

வீட்டில் கணவர் ஒரு புதுப் பழக்கம் பழகியிருந்தார். காலையில் தேத்தண்ணீர் தரும்போது, "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்பார். முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. கேட்காத நாளில் பயம் வந்தது.

கிளினிக்குக்குப் போனபோது டொக்டரிடம் கேட்டேன். "அந்தச் சனிக்கிழமை எனக்குத் தலை நல்ல தெளிவா இருந்தது டொக்டர். ஏதோ பிழை எண்டு எனக்கே ஏன் தெரியேல்லை?"

"தெரிய வேண்டிய இடம்தானே பழுதாகியிருந்தது," என்றார் அவர். "சில பேருக்குத் தொடக்கத்தில அப்பிடித்தான். சந்தோஷமா இருப்பினம். வீட்டுக்காரர்தான் கண்டுபிடிக்க வேணும்."

இரண்டு மாதம் கழித்து மேசைக்குத் திரும்பினேன். நான் செய்கிற ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் ஒரு பிரதியை மூலத்தின் பிரதியோடு இணைத்து ஒரு கோப்பில் போட்டுவைப்பது வழக்கம். வீட்டில் செய்ததைக் கடையில் கொடுக்கும்போதும் ஒரு பிரதி எடுக்கச் சொல்லிவிடுவேன். என் கை அன்றும் அதை மறக்கவில்லை. டொக்டர் சொன்னது மனதில் கிடந்ததால் முதலில் அந்தக் கிழமையின் தாள்களைத்தான் எடுத்துப் பார்த்தேன். வியாழன் வரை பிழை இல்லை. வெள்ளிக்கிழமை செய்த ஒரு பிறப்புப் பத்திரத்தில் ஒரே வரி இரண்டு தரம் வந்திருந்தது. அடியில் என் கையொப்பம் கோட்டை விட்டுக் கீழே சரிந்து போயிருந்தது.

கடைசியாக அந்த அம்மாவின் தாள். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு கூடு கூடாகப் பார்த்தேன். இறந்தவரின் பெயர் சரி. வயது சரி. தொழில் சரி. இறப்புக்கான காரணம் என்ற கூட்டில் மூலத்தில் 'நீரில் மூழ்கியதால் மூச்சடைத்தமை' என்று இருந்தது. நான் 'மூச்சடைத்தமை' என்று மட்டும் எழுதியிருந்தேன். நீரை விட்டுவிட்டேன். அதற்கு மேலே, மரணம் நிகழ்ந்த இடம். மூலத்தில் 'முகத்துவாரம் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டது'. என் தாளில் அந்தக் கூட்டில் ஒரு தொடர்மாடி வீட்டின் இலக்கமும், ஒழுங்கையின் பெயரும், வெள்ளவத்தை, கொழும்பு 06 என்றும் இருந்தன.

அது எங்கள் வீட்டு விலாசம்.

அதன் கீழே, இது மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு என்ற வசனம். கையொப்பத்தில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. முத்திரை மட்டும் நேராக, சுத்தமாக விழுந்திருந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கணவரிடம் காட்டினேன். அவர் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் வாசித்தார். முகம் வெளிறிவிட்டது.

"வெள்ளைச் சீலை கட்டின மனிசியோ?" என்று கேட்டார். "கையில செபமாலை?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"அவ இஞ்ச வந்தவ."

நான் மயக்கத்தில் கிடந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம். குளித்து உடுப்பு மாற்றுவதற்காக அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். கதவைத் தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தால் அந்த அம்மா. என்னிடம் வேலைக்குக் கொடுத்த யாரோ, செய்தி கேள்விப்பட்டு வந்திருக்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார்.

"என்ன கேட்டவ?"

"புள்ளைக்கு இந்த வீட்டுலதானா ஆச்சு எண்டு கேட்டவ. ஓம் எண்டனான். எந்த இடம் எண்டா. மேசைக்குப் பக்கத்தில காட்டினனான். வலிச்சிருக்குமா எண்டா. இல்லை, ஒரு சத்தமும் போடேல்லை, அப்பிடியே சரிஞ்சது எண்டனான். நீங்க பக்கத்துல இருக்கலியா எண்டா. குசினிக்குள்ள நிண்டனான், ஓடி வந்தனான், பிந்திப் போச்சுது எண்டு சொல்லேக்க எனக்கு அழுகை வந்திட்டுது."

"அதுக்கு அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்ர தோளில தட்டினவ. பிறகு ஒரு மெழுகுதிரியை எடுத்து, கொளுத்தட்டோ எண்டு கேட்டா. எனக்கு அப்ப எந்தச் சாமியும் சரிதான். நீர் சரிஞ்சு விழுந்த இடத்தில, நிலத்தில கொளுத்தி வைச்சு, முழங்காலில நிண்டு செபம் சொன்னா. எழும்பிப் போகேக்க, கடல் எந்தப் பக்கம் எண்டு கேட்டா. ஒழுங்கை முடிவில, ரயில் பாதைக்கு அங்கால எண்டு காட்டினனான்."

அந்த அம்மா என்னையும் பிள்ளை என்று கூப்பிடக்கூடிய வயதுக்காரர். பிள்ளை என்றால் எங்கள் பேச்சில் ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. யாரைப் பற்றிக் கதைக்கிறோம் என்று சொல்லாமலே ஒரு முழுக் கதையும் கதைத்து முடிக்கலாம். கணவர் என்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அந்தத் தாய் தன் மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

மூலப் பத்திரத்தில் இறப்பை அறிவித்தவர் என்ற கூட்டில் அந்த அம்மாவின் விலாசம் இருந்தது. கொட்டாஞ்சேனை. சரியான மொழிபெயர்ப்பை அன்றே தட்டச்சுச் செய்து, கணவரைக் கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கச் செய்தேன். மறுநாள் காலையில் புறப்பட்டபோது அவர் வரவில்லை என்றார். "அந்த மனிசியின்ர முகத்தைப் பார்க்க என்னால ஏலாது."

கொட்டாஞ்சேனையில் பெரிய தெருவிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒடுங்கிய பாதையில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. வாசலில் இடியப்பத் தட்டுகள் கழுவிக் காய வைக்கப்பட்டிருந்தன. காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பாராம். அந்த அம்மாவுக்கு என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் அவ்வளவு மெலிந்திருந்தேன்.

"மொழிபெயர்க்கிற மிஸ்தானே. என்ன மிஸ், சொகமில்லையா? இருங்க."

உள்ளே சுவரில் மகனின் படம் இருந்தது. தலையில் துணித் தொப்பி, கன்னத்தில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ற், யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. படத்துக்குக் கீழே இரண்டு மெழுகுதிரிகள்.

வழி முழுவதும் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் உதவவில்லை. நேராகச் சொன்னேன். எனக்கு ஈரல் பழுதாகி மூளை குழம்பியிருந்த நேரத்தில் அவருடைய பத்திரத்தைச் செய்தேன் என்று. அதில் இடம் பிழை என்று. அவர் போனது என் வீடு என்று. அங்கே விழுந்தது நான் என்று.

அந்த அம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டிருந்தார்கள்.

"அப்ப அந்த ஐயா எதுக்கு அழுதாரு?"

"எனக்காக."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீங்க எழும்பிட்டீங்க," என்றார்.

குற்றம் சாட்டுவது போலவும் இல்லை, சந்தோஷப்படுவது போலவும் இல்லை. கண்டதைச் சொன்னார். எனக்குத் தலை தானாகக் குனிந்தது.

"ரெண்டு மாசமா நான் என்ன நெனச்சிக்கிட்டு இருந்தேன் தெரியுமா மிஸ்?" என்று மெதுவாகத் தொடங்கினார். "அங்கதானே அவன் பெயின்ற் வேல செஞ்சான். அந்த வீட்டுக்குள்ள போயிருக்கான், மயங்கி விழுந்திருக்கான், மூச்சு நின்னிருக்கு. வீட்டுக்காரங்க பயத்துல கடல்ல போட்டுட்டாங்க. கடல் பக்கத்துலதானே. போலீசுக்குப் போவோம்னு தங்கச்சி சொன்னா. நான் வேணாம்னு சொன்னேன். அந்த ஐயாவோட மொகத்தப் பாத்தா வேணும்னு செய்றவரு மாதிரி இல்ல. அப்பிடி அழுதாரு. நான் மன்னிச்சிட்டேன் மிஸ்." படத்துக்குக் கீழே கையைக் காட்டினார். "ஒண்ணு புள்ளைக்கு. ஒண்ணு அவருக்கு. ஒவ்வொரு நாளும்."

நான் இரண்டாவது மெழுகுதிரியைப் பார்த்தேன்.

"இப்ப நான் யார மன்னிச்சேன்?" என்று கேட்டார். என்னைக் கேட்டது போல இருக்கவில்லை.

கொண்டுபோன தாளைக் கொடுத்தேன். வாசித்துக் காட்டவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தானே வாசித்தார். இடம் என்ற கூட்டில் விரல் நின்றது.

"கண்டெடுக்கப்பட்டதுன்னா?"

"அங்க வைச்சுக் கண்டவை எண்டு."

"செத்தது எங்கன்னு போடலியே."

"அது மூலத்திலயும் இல்லை அம்மா. அது ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். "மொதல்ல கடல்ல செத்தான். அப்புறம் ஒங்க வீட்டுல செத்தான். இப்பத் திரும்பவும் கடல்ல. என் புள்ள எத்தன தரம் சாகுறது மிஸ்?"

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சட்டப்படி அந்தப் பிழையான தாளை நான் திரும்ப வாங்கி அழிக்க வேண்டும். கேட்டேன். "தேடிப் பாக்கணும்," என்றார். நான் காத்திருந்தேன். அவர் எழும்பவில்லை. தேடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில், "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். இனிப்பான வெறும் தேத்தண்ணீர். குடிக்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை.

புறப்பட்டபோது அவரும் தெருவரைக்கும் வந்தார். வெயில் ஏறியிருந்தது. ஒரு திரீவீலைத் தானே மறித்து, சாரதியிடம் குனிந்து, "மே நோனாட்ட சனீப நே, ஹெமின் யன்ன," என்றார். இந்தப் பெண்மணிக்குச் சுகமில்லை, மெதுவாகப் போ. நான் ஏறி உட்கார்ந்ததும் சேலைத் தலைப்பைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார், சில்லில் சிக்காமல் இருக்க. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அப்போதுதான் என் வாயில் வந்தது. வண்டி புறப்பட்டுவிட்டது. கேட்டதோ இல்லையோ தெரியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவருக்கென்று தினமும் எரிந்த மெழுகுதிரியையும் சேர்த்து.

"நான் அவவுக்கு ஒரு பொய்யும் சொல்லேல்லைத்தானே," என்றார் அவர்.

அது உண்மை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

வெள்ளிக்கிழமைப் பத்திரக்காரரையும் தேடிப் பிடித்து வேறு தாள் கொடுத்துவிட்டேன். இப்போது நான் செய்யும் எதுவும் கணவர் பார்க்காமல் வீட்டை விட்டுப் போவதில்லை. வேலை குறைவுதான், ஆனால் நடக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு நான் மறுபடி போகவில்லை. இரண்டு தரம் புறப்பட்டேன். ஒரு தரம் புறக்கோட்டை வரை போய், பஸ் மாறாமல் திரும்பி வந்தேன்.

முன்னறை மேசையை மற்றச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டோம். அந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. அங்கே கதிரை போட அவருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. பகலில் தனியாக இருக்கும்போது சில வேளை பெயின்ற் மணம் வருகிறது. பக்கத்துக் கட்டடத்தில் எப்போதும் யாராவது அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் எழும்பிப் போய் அந்த அறையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அந்தப் பையன் எங்கள் வீட்டு வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. அவன் இங்கேதான் இறந்தான் என்று நான் சத்தியம் செய்து, முத்திரை குத்திக் கொடுத்த தாள் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் இருக்கிறது. அவன் தாய் அதை இன்னும் எனக்குத் திருப்பித் தரவில்லை.